வீட்டைப் பழுது பார்ப்பதா? இடம் வாங்கப் பணம் சேர்ப்பதா?



போன மாதம் அறந்தாங்கி பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து கடன் மனுக்களைப் படித்தார்கள். ஒரு அக்கா 1 லட்சம் ரூபாய் கேட்டிருந்தார். காரணம் என்ற இடத்தில் "வீட்டு வேலை" என்று எழுதியிருந்தது.

ஊக்குநர் கேட்டார்: "ஏன்த்தாச்சி, போன வருஷம்தான் ரோட்டுப் பக்கம் இடம் வாங்கிப் போகப் போறோம்னு சொன்னீங்க. இப்ப இந்த வீட்டுல 1 லட்சம் போடுறீங்களே?"

அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவரு இடம் வாங்கணும்ங்கிறாரு. ஆனா மழை வந்தா வீட்டுக்குள்ள அண்டா வைக்கிறது நான்தான. பிள்ளைங்க நோட்டெல்லாம் நனையுது. எதைச் செய்யிறதுன்னு எனக்கே தெரியல. நீங்களே சொல்லுங்க."

கூட்டத்தில் இருந்த 14 பேரில் பாதிப் பேர், "எங்க வீட்டுலயும் இதே பேச்சுதான்" என்றார்கள். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் இதைத்தான் பேசினோம். பேசியதை எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ளலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: வீடு யார் பேரில் இருக்கிறது?

நாம் பெரும்பாலும் கொத்தனார் கூலி, சிமெண்ட் விலை என்று ஆரம்பிக்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடன் யார் பேரில்? வீடு யார் பேரில்?

குழுக் கடன் நம் பேரில் இருக்கிறது. தவணை தவறினால் கேள்வி நம்மிடம்தான் வரும். ஆனால் வீட்டுப் பட்டா மாமனார் பேரில் இருக்கும். சில வீடுகளில் அதுவும் இல்லை; மாமனாரின் அப்பா பேரிலேயே இருக்கும்.

எங்கள் கூட்டமைப்பில் வேறொரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பேர் வேண்டாம். அந்தச் சகோதரி 70,000 ரூபாய் கடன் வாங்கி, மாமனார் வீட்டில் தாங்கள் இருந்த பக்கத்துக்குத் தரையில் டைல்ஸ் போட்டார். அடுப்படியையும் குளியலறையையும் புதிதாகக் கட்டினார். இரண்டு வருஷத்தில் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. மாமனார் அந்தப் பக்கத்தை இளைய மகனுக்கு எழுதி வைத்துவிட்டார். இவர்களுக்குக் கொல்லைப்புற இடம். அப்போது கடனில் இன்னும் 14 தவணை பாக்கி இருந்தது. அவர் என்னிடம் சொன்னது: "நான் போட்ட டைல்ஸு மேடம். இப்ப வாசல்ல நின்னு கூப்பிட்டுத்தான் உள்ள போறேன்."

மாமனார் சம்பாதித்த வீட்டை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். எழுதி வைக்காமல் இறந்துபோனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அதாவது நாத்தனாருக்கும் அதில் பங்கு இருக்கிறது. மருமகள் கடன் வாங்கிச் செலவு செய்தாள் என்பதற்காக மட்டும் அவளுக்குத் தனிப் பங்கு வந்துவிடாது.

இதற்காக மாமனார், மாமியாரோடு சண்டை போடச் சொல்லவில்லை. பெரிய செலவு செய்வதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள் என்கிறேன். குடும்பம் முழுக்கச் சம்மதித்தால் பாகப்பிரிவினை அல்லது செட்டில்மெண்ட் பத்திரம் பதிவு செய்துகொள்ளலாம். அப்பா மகனுக்கு, கணவர் மனைவிக்கு என்று நெருங்கிய சொந்தத்துக்குள் எழுதும்போது முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். அதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. வாய்ப்பேச்சு போதும் என்று விட்டுவிடாதீர்கள். பேசியவர் போய்விட்டால் பேச்சும் போய்விடும்.

இரண்டாவது கேள்வி: இன்னும் எத்தனை வருஷம் இங்கே இருப்போம்?

அந்த அக்கா வீட்டுக் கணக்கைக் கூட்டத்திலேயே போட்டுப் பார்த்தோம். கணவர் கொத்தனார் வேலை. இவருக்குக் கறவை மாடு இரண்டு. எல்லாச் செலவும் போக மாதம் 3,000 ரூபாய் ஒதுக்க முடியும் என்றார்.

அவர்கள் பார்த்திருக்கும் இடம் 2 சென்ட். ஒரு சென்ட் என்பது சுமார் 436 சதுர அடி. சென்ட் 1 லட்சம் என்று பேசினால் இடத்துக்கு 2 லட்சம். இதற்கு மேல் பதிவுச் செலவு உண்டு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை உள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்தார்கள். அதன்படி பெண் பேரில் என்றால் 2 லட்சத்துக்கு 16,000 ரூபாய். மொத்தம் 2,16,000. பத்திரம் எழுதும் கூலி தனி.

மாதம் 3,000 வீதம் சேர்த்தால் 72 மாதம் ஆகும். முழுசாக 6 வருஷம். இது இடத்துக்கு மட்டும்தான். அதன் மேல் 300 சதுர அடியில் ஒரு வீடு கட்ட, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தாலும் 6 லட்சம் வேண்டும்.

அந்த அக்கா கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்ப இன்னும் 6 மழைக்காலம் இந்த வீட்டுலதான் இருக்கணுமா?" என்றார். ஆமாம். வீடு மாற நினைக்கிறவர்களும் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். நாளைக்கே போகப்போவது போல இருக்கிற வீட்டைக் கைவிட முடியாது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை ஓடுகளும் ஷீட்டுகளும் பறந்தன என்று உங்களுக்கே தெரியும். "அடுத்த வருஷம் எப்படியும் புது வீடு கட்டப்போறோம்" என்று பழுது பார்க்காமல் விட்ட கூரைகளும் அதில் இருந்தன.

எது அவசரம்? எது ஆசை?

அந்த அக்கா கேட்ட 1 லட்சத்தைப் பிரித்துப் பார்த்தோம். உடைந்த ஓடும் உளுத்த ரீப்பரும் மாற்றி, முகட்டைப் பூச 22,000. பழைய ஒயரிங்கை மாற்ற 6,000. டைல்ஸ் தரைக்கு 45,000. அடுப்படி மேடைக்கும் அலமாரிக்கும் 27,000.

இதில் உயிருக்கும் உடம்புக்கும் ஆனவை முதல் இரண்டும்தான். ஈரச் சுவரில் பழைய ஒயர் இருந்தால் ஷாக் அடிக்கும். ஒழுகும் கூரை சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இவற்றுக்கு 28,000 போதும். மீதி 72,000 ஆசைக்கானது. ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் விட்டுவிட்டுப் போகப்போகிற வீட்டில், அதுவும் நம் பேரில் இல்லாத வீட்டில் அந்த ஆசையைப் போடலாமா என்பதுதான் கேள்வி.

வட்டியையும் பாருங்கள். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய், குறையும் வட்டி. மாதம் 2,000 அசல் கட்டினால்:

28,000 ரூபாய்க்கு 14 தவணை. மொத்த வட்டி 2,100.
1 லட்சத்துக்கு 50 தவணை. மொத்த வட்டி 25,500.

இதே 1 லட்சத்தை வெளியில் 2 ரூபாய் வட்டிக்கு, அசல் குறைந்தாலும் வட்டி குறையாத மாதிரி வாங்கினால் 50 மாதத்தில் வட்டி மட்டும் 1 லட்சம்!

இப்போது மூன்று வழிகளையும் சேர்த்துப் பார்ப்போம். மாதம் ஒதுக்குவது அதே 3,000. கடன் கட்டியது போக மிச்சம் சேமிப்புக்குப் போகிறது.

ஒன்றும் பழுது பார்க்காமல் சேமித்தால் 6 வருஷத்தில் இடம் வாங்கலாம்.
கூரையும் ஒயரிங்கும் மட்டும் செய்தால் ஒரு மாதம் குறைய 7 வருஷம்.
எல்லா வேலையும் செய்தால் 9½ வருஷம்.

இடத்தின் விலை ஏறும், சேமிப்புக்கு வட்டியும் கிடைக்கும். அதனால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். ஆனால் வித்தியாசம் புரிகிறதல்லவா? கூரையைச் சரி செய்ததால் இடம் வாங்குவது 11 மாதம் மட்டும் தள்ளிப்போகிறது. அந்த 11 மாதத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் நனையாமல் தூங்குவார்கள். டைல்ஸும் அடுப்படியும் சேர்ந்தால் அதுவே மூன்றரை வருஷம் ஆகிவிடுகிறது.

இன்னொரு யோசனையையும் ஒரு சகோதரி சொன்னார். போகும்போது கையோடு எடுத்துப் போகக்கூடிய பொருளாகப் பார்த்து வாங்கலாம். சிமெண்ட் அலமாரிக்குப் பதில் இரும்பு அலமாரி. கட்டிய மேடைக்குப் பதில் அடுப்பு வைக்க இரும்பு ஸ்டாண்டு. மின்விசிறி, தண்ணீர் டேங்க் எல்லாம் நம்மோடு வரும். தரையில் ஒட்டிய டைல்ஸ் வராது.

தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய தொகுப்பு வீடுகளில் தளத்தின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பலர் அதன் மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிடுகிறார்கள். அது நிற்காது. மேலே தேங்கும் மழைத் தண்ணீர் தளத்துக்குள் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் அடியில் இருக்கும் காரையைத் தள்ளிவிடும். அதனால் முதல் வேலை மொட்டை மாடியில் தண்ணீர் நிற்காமல் வாட்டம் எடுத்து மேல் தளம் போடுவது. பிறகு அடியில் உதிரும் காரையைத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத் தடுப்பு மருந்து பூசி, அதன் பிறகுதான் பூச்சு. கம்பி பாதிக்கு மேல் அரித்திருந்தாலோ தளம் தொய்ந்திருந்தாலோ அந்த அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். ஒன்றியப் பொறியாளரைப் பார்க்கச் சொல்லி ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள்.

அரசுத் திட்டங்களையும் கேட்டுப் பாருங்கள். 2000-2001க்கு முன் அரசுத் திட்டத்தில் கட்டிய வீடுகளைப் பழுது பார்க்க 2024-ல் தமிழக அரசு ஒரு திட்டம் அறிவித்தது. அதே வருஷம் குடிசையில் இருப்பவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. அதில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி என்று நிர்ணயித்தார்கள். உங்கள் ஊராட்சியில் இப்போது எந்தத் திட்டத்துக்கு மனு வாங்குகிறார்கள், பட்டியலில் உங்கள் பேர் இருக்கிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். சொந்தக் காசைப் போடுவதற்கு முன் கேளுங்கள். கடன் வாங்கி வீட்டை மாற்றிய பிறகு, குடிசை வீட்டுக்கான பட்டியலில் இடம் கிடைக்காமல் போகலாம்.

இடம் வாங்குவது என்று முடிவு செய்தால்

மாதத் தவணையில் மனை என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். எல்லாமே மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அனுமதி இல்லாத மனைப் பிரிவுகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்கு முன் உருவான மனைப் பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

மனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண் அல்லது வரன்முறைப்படுத்திய ஆணை. கிராம நத்தமாக இருந்தால் நத்தம் பட்டா.
விற்பவர் பேரில் பட்டா, அவருக்கு அந்த இடம் வந்த தாய்ப்பத்திரம்.
குறைந்தது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று. பதிவு செய்த அடமானம் இருந்தால் அதில் தெரியும்.
விற்பவருக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா, அவர்கள் கையெழுத்துப் போடுவார்களா?
பாதை, குடிதண்ணீர், மழைக் காலத்தில் தண்ணீர் நிற்குமா? ஐப்பசி மாதம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புறம்போக்கு இடத்தை வெறும் பத்திரத் தாளில் எழுதி விற்கிறார்கள். அதில் காசு போடாதீர்கள். இலவச வீட்டுமனைப் பட்டா இடத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்று பட்டாவிலேயே நிபந்தனை இருக்கும். விற்பதாக யாராவது வந்தால் பட்டாவை வாங்கிப் படியுங்கள்.

பத்திரத்தை உங்கள் பேரில் பதியச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் இருவர் பேரிலும் கூட்டாகப் பதியலாம். பெண் பேரில் பதிந்தால் கட்டணம் குறைகிறது என்பதைக் காரணமாகச் சொன்னால் வீட்டிலும் சுலபமாக ஒத்துக்கொள்வார்கள். ஒரு பெண் பேரில் வாங்கிய சொத்து முழுவதும் அவளுக்கே உரிமை என்று 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு சொல்கிறது.

சேர்க்கும் காசை வீட்டில் அரிசிப் பானையில் வைக்காதீர்கள். அஞ்சலகத்தில் 5 வருஷத் தொடர் வைப்புக் கணக்கு உங்கள் பேரில் தொடங்குங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். குழுச் சேமிப்பை இதற்காக நிறுத்த வேண்டாம்.

கணக்கில் வராத செலவுகள்

ரோட்டுப் பக்கம் போன ஒரு சகோதரி கூட்டத்தில் இருந்தார். "பஸ்ஸு வசதி, பிள்ளைங்க பள்ளிக்கூடம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மாடு கட்ட எடமில்லாம வித்துட்டேன். தண்ணி காசு குடுத்து வாங்குறேன். ராத்திரி ஒரு அவசரம்னா கூப்பிட ஆளில்ல" என்றார்.

ஊர் மாறினால் ரேஷன் அட்டையில் முகவரி மாற்ற வேண்டும். வேலை அட்டையை வேறு ஊராட்சியில் பதிய வேண்டும். குழுவில் கடனை முடித்துச் சேமிப்பை வாங்கிக்கொண்டு விலக வேண்டும். புது ஊர்க் குழுவில் முதல் கடன் கிடைக்க மறுபடி காத்திருக்க வேண்டும். போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பட்டா உங்கள் பேரிலோ கணவர் பேரிலோ இருக்கிறது, தண்ணீரும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்கின்றன என்றால், 2 லட்சம் கொடுத்து வேறு இடம் தேட வேண்டியதில்லை. இருக்கிற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக நல்ல வீடாகக் கட்டிக்கொள்ளலாம்.

அந்த அக்கா என்ன செய்தார்?

1 லட்சம் மனுவைத் திரும்ப வாங்கி 28,000 என்று எழுதிக் கொடுத்தார். குழுவில் தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள். ஓடு மாற்றும் வேலையைக் கணவரே செய்ததால் கூலியில் கொஞ்சம் மிச்சமானது. அந்தப் பணத்தில் அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கிவிட்டார். மாமனாரிடம் பட்டா பற்றிப் பேசியதற்கு, "பார்க்கலாம்" என்றிருக்கிறார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் பேச்சை ஆரம்பித்துவிட்டார். "கல்யாணமாகி 11 வருஷத்துல வீட்டுப் பட்டா எப்படி இருக்கும்னு இப்பத்தான் பார்த்தேன்" என்று சிரித்தார்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் வீட்டு வேலைக்குக் கடன் மனு வந்தால் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கேட்டதையும் சொன்ன பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

1. வீட்டின் பட்டா யார் பேரில் இருக்கிறது? நேரில் பார்த்தீர்களா?
2. இன்னும் எத்தனை வருஷம் இந்த வீட்டில் இருப்பீர்கள்?
3. கேட்கும் தொகையில் அவசரத்துக்கு எவ்வளவு, ஆசைக்கு எவ்வளவு?
4. அரசுத் திட்டத்தில் கேட்டுப் பார்த்தீர்களா?
5. தவணை கட்டியது போக மாதம் எவ்வளவு சேமிப்பீர்கள், யார் பேரில்?

இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் பழுது பார்ப்பதா, சேர்ப்பதா என்று உங்களுக்கே புரிந்துவிடும். இந்த வாரமே வீட்டில் பட்டாவைத் தேடி எடுத்துப் பாருங்கள். பேர் படிக்கத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அப்படியே அந்தப் பிள்ளையும் தெரிந்துகொள்ளட்டும்.


உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்